மாமாவுக்கு விட்டுவைத்த இடம்

பீப்பி மாமா, நீங்கள் போனபோது நான் பக்கத்தில் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் என் தங்கை வீட்டில் பலாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெயும் பிசினும். தங்கைதான் போனை என் காதில் வைத்தாள். உங்கள் பேண்டு டேனியல் அண்ணன், "தங்கச்சி, கெளம்பி வாம்மா" என்றார். அவருக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. பஸ் மாறி நெய்வேலி வருவதற்குள் உங்களைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி வைத்திருந்தார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் அந்தோணிசாமி. மைன்ஸில் கரி போகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் கற்றவர். கல்யாணமான புதிதில் நான் அதைப் பீப்பி என்று சொல்லப்போய், வீட்டில் அவருக்கே அந்தப் பேர் நின்றுவிட்டது.

குவார்ட்டர்ஸில் ஊதுவது லேசில்லை. எந்நேரமும் பக்கத்து வீட்டில் ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குவார். அதனால் ட்ரம்பெட்டின் வாயில் துண்டைத் திணித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊதுவார். மேல் வீட்டு அக்கா ஒரு நாள், "என்னாடி, உன் வூட்டுல கன்னுக்குட்டிக்கு வவுத்து வலியா?" என்று கேட்டார். என்னைவிட மாமாதான் அதிகம் சிரித்தார்.

டிரம்ஸ் வாசிக்கிற டேனியல் அண்ணனோடு சேர்ந்து ஐந்து பேர். பேண்டின் பெயர் 'மூணாம் ஷிப்ட்'. கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். தங்களுக்காக வாசித்தது ஜாஸ், சோல், ஃபங்க் என்கிற வெளிநாட்டு வகைகள். எது எது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. கேட்டால், "ஷிப்ட் மாத்தற மாதிரிதான் புள்ள. ஒருத்தன் வாசிச்சு எறங்கினா அடுத்தவன் ஏறணும். பெல்ட்டு நிக்கவும் கூடாது, வெறுமனே ஓடவும் கூடாது" என்பார்.

ரிட்டயர் ஆன பிறகு எந்நேரமும் போனும் கையும்தான். வெளிநாட்டில் பழைய பேண்டு ஏதாவது புதிதாக ஆல்பம் விட்டால் எனக்குப் போட்டுக் காட்டுவார். "எம்பது வயசுல ஊதறான் பாரு. நமக்கென்ன கேடு?" அப்படித்தான் போன வருஷம் ஐந்து பேரும் ஒரு ஆல்பம் போடுவதென்று முடிவு செய்தார்கள். சொந்தப் பாட்டு. அவர்கள் போட்ட முதல் ஆல்பம் அதுதான்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. நுரையீரல் தாங்காது, இனி ஊதக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர், "ஒரே ஒரு பாட்டு புள்ள. பாண்டியில ஸ்டுடியோ சொல்லியாச்சு" என்றார். நான் சம்மதிக்கவில்லை. ரெகார்டிங்குக்கு முதல் நாள், ட்ரம்பெட்டில் உதடு வைக்கிற மவுத்பீஸைக் கழற்றி, பால் கவரில் சுற்றி, இட்லி அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன். அவர் அந்த டிரம்மில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து, "மவுத்பீஸ் எங்கியோ வுழுந்துடுச்சு போல. வயசாயிடுச்சில்ல" என்றார். சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஊதாமல் இருந்தும் மூன்று மாசம்தான் இருந்தார்.

சவப்பெட்டியை மூடும் முன் ட்ரம்பெட்டை அவர் நெஞ்சில் வைத்தார்கள். மவுத்பீஸ் இல்லாமலே வைத்தார்கள். நான் அடுப்படிக்குப் போய் எடுத்து வந்திருக்கலாம். அத்தனை பேர் எதிரில் நான் போகவில்லை.

போன வாரம் ஆல்பம் வந்தது. டேனியல் அண்ணன் வீட்டுக்கு வந்து போனில் போட்டார். நாலாவது பாட்டில், நடுவே, டிரம்ஸும் கிடாரும் மட்டும் போகின்றன. யாரும் ஏறவில்லை. வெறும் பெல்ட் ஓடுகிறது.

"இதான்மா அவன் எடம்" என்றார் அண்ணன். "வேற மவுத்பீஸ் வாங்கியாறேன்டான்னேன். வேணாம், எடத்த வுட்டு வை, தேறினதும் வந்து ஊதறேன்னான். கீபோர்டு போட்டு அடைக்க மனசு வரல."

கேட்டவர்கள் அந்த இடத்தைத்தான் பாராட்டுகிறார்களாம், யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று. யாரும் யோசித்துச் செய்யவில்லை. அது நான் செய்தது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் போன பிறகு அரிசி டிரம்மைத் திறந்தேன். அதுவரை மேலாக அள்ளிக்கொள்வேனே தவிர ஆழத்தில் கை விட்டதில்லை. பால் கவரைக் காணோம். ட்ரம்பெட் துடைக்கிற அவருடைய மஞ்சள் துணியில் சுற்றி, பளபளவென்று துடைத்து வைத்த மவுத்பீஸ் அதே இடத்தில் இருந்தது.

மாமா, போய் வாருங்கள். அங்கே துண்டு திணிக்காமல் ஊதலாம் என்று ஃபாதர் ஆறுதல் சொல்கிறார். மவுத்பீஸ் இங்கே என் கையில் இருக்கிறது. நான் ஒளித்தது தெரிந்துதான் அன்றைக்குப் பெட்டியைத் திறக்காமலே போய், ஊதாமல் வந்தீர்கள். என் சொல்லுக்காக நிறுத்தினீர்களா, ஊத மூச்சில்லை என்று உங்களுக்கே தெரிந்து நிறுத்தினீர்களா?