அம்மாவின் காதைப் பிடித்த டாக்டர்

‘அறுவைச் சிகிச்சைக்கு வரும் நோயாளியின் நகங்களில் நகப்பூச்சோ மருதாணியோ இருக்கக் கூடாது.’ சென்ற மாதம் என் முழங்கால் ஆபரேஷனுக்காகக் குரோம்பேட்டை மருத்துவமனை ஒன்றில் கொடுத்த தாளில் இது ஏழாவது விதி. அரசு அலுவலகத்தில் விதிகளை எழுதியும், அவை மீறப்படுவதைக் கோப்பில் குறித்தும் ஓய்வு பெற்றவள் நான். ஒரு விதியில் புதிதாக ஒரு சொல் சேர்ந்திருந்தால், அதற்குக் காரணமான ஆசாமி எங்கோ இருக்கிறார் என்று அறிவேன். எனக்கு ஒன்பது வயதில் அந்த விதியில் ‘மருதாணி’ இல்லை.

அப்போது சேலையூரில் குடியிருந்தோம். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கேட்டபோது, ஆடி மாதத்தில் யாரும் எதற்கும் நாள் வைக்க மாட்டார்கள் என்பதால் உடனே கிடைத்தது. அவர்கள் கொடுத்த தாளை அப்பா, தம் அலுவலகச் சுற்றறிக்கையைப் போல, வரிக்கு வரி சத்தமாகப் படித்து டிக் போட்டார். நகப்பூச்சு கூடாது என்ற வரிக்கு டிக் போட அவர் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அம்மா ஒரு மாதமாகச் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் அழகாகவாவது போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. பின்வீட்டு வேலியில் மருதாணி பறித்து வந்தேன். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, அதைப் பாக்கு சேர்த்து அரைத்துத் தந்தார். அம்மாவின் பத்து விரல்களுக்கும் தொப்பி போட்டேன். கால் விரல்களையும் விடவில்லை. மிச்சத்தை என் விரல்களுக்கு வைத்துக்கொண்டேன். தாளில் ஐயம் திரிபறத் தேர்ந்த அப்பா எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருதாணி இலைதானே, அதை யார் பூச்சு என்று நினைப்பார்கள்?

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் வார்டில் சேர்த்தோம். முதலில் கண்டுபிடித்தவர் ஆயா.

“இன்னாம்மா இது, கையி ரத்தத்துல முக்கி எடுத்தா மாரி கீது. டாக்டரம்மா பாத்தா அவ்ளோதான்.”

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு நகமாகத் தேய்த்தார். அழுக்கு போய், நிறம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

சற்று நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். குள்ளமான, சின்ன வயதுப் பெண்மணி. அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார், ஆடும் பல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெரிய டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த அப்பாவுக்கு இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. “ஊசியப் போட்டா உங்க வேலை முடிஞ்சுது. நகத்துல என்ன இருக்கு டாக்டர்?” என்றார்.

“ஊசி போட்டா இவங்க தூங்குவாங்க சார். நான் தூங்க முடியாது. மூச்சு சரியாப் போகலேன்னா நகம்தான் முதல்ல நீலமாகும். அத எங்க போய்ப் பாக்கறது நான்?”

இன்று விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் திரையில் எண் ஓடுகிறது. அன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்த கருவி அவருடைய கண்கள்தாம்.

யார் போட்டது என்று டாக்டர் கேட்டார். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய், கைகளைப் பாவாடை மடிப்புக்குள் சொருகிக்கொண்டேன். அம்மா கொஞ்சமும் தயங்காமல், “நானேதான் வச்சுக்கிட்டேன் டாக்டர்” என்றார்.

ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம் என்றால், நகம் வளர்ந்து நிறம் போக மாதக்கணக்காகும்; கட்டி அதுவரை காத்திருக்காது. டாக்டர் அம்மாவின் உதட்டைப் பிரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தோட்டைக் கழற்றச் சொல்லிக் காது மடலையும் பார்த்தார். “சரி. பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் நான்தான் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து, விரல்களை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய டாக்டர் முதலில் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அப்பா கும்பிட்டார், அத்தை ஆப்பிள் பையைக் கொடுத்தார். நெடுநேரம் கழித்து ஸ்ட்ரெச்சர் வந்தது. கூடவே குனிந்தபடி நடந்து வந்த மயக்க மருந்து டாக்டர் அம்மாவின் காதைப் பிடித்திருந்தார். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் பிடிப்பது போலவே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். வார்டில் படுக்க வைத்த பிறகும், அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கும்வரை, அவர் விடவில்லை. அவரை யாரும் கும்பிடவில்லை. ஆப்பிளும் தீர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காது வலித்ததா என்று கேட்டேன். “எந்தக் காது?” என்றார் அம்மா. என்னைக் காப்பாற்ற மறுபடி பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். இனிப் பொறுப்பதற்கில்லை. அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்து அப்பாவின் பாணியிலேயே எழுதினேன். ‘பொருள்: காதைப் பிடித்தது தொடர்பாக. மருதாணி வைத்தது நான். அம்மா சொன்னது உண்மையல்ல. எனவே என் காதைப் பிடித்திருக்க வேண்டும். இனிமேல் இவ்வாறு நடக்காது என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ ‘மயக்க மருந்து டாக்டர்’ என்று போட்டு, ஆஸ்பத்திரித் தாளில் இருந்த விலாசத்தை எழுதி, கேம்ப் ரோடு தபால் பெட்டியில் நானே போட்டேன்.

ஆவணி போயிற்று. அம்மா குடத்தைத் தூக்கத் தொடங்கினார். தீபாவளிக்கு முறுக்கு சுட்டார், அப்பாவோடு சண்டைகூடப் போட்டார். பதில் மட்டும் வரவில்லை. டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார் என்பதும், என் கடிதம் அவர் பின்னாலேயே அலைந்தது என்பதும் பிறகு தெரிந்தவை.

வந்த பதிலில் நான்கே வரிகள். ‘அன்புள்ள குழந்தைக்கு, வைத்தது நீ என்று அன்றைக்கே தெரியும். ஒளிந்துகொள்ளும்போது உன் விரல்களைப் பார்த்துவிட்டேன். உன் அம்மாவின் காது மூன்று மணி நேரமும் நல்ல சிவப்பாகவே இருந்தது. அவ்வளவு அழகான காதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.’

மழுப்பலான பதில் என்று எனக்குப் பட்டது. கேட்டது ஒன்று, எழுதியிருப்பது வேறு. உத்தரவாதம் எதுவும் இல்லை. அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா வாங்கிப் படித்தார். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் விட்டுவைக்காதவர், சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிவைத்தார்: ‘வரப்பெற்றது, கார்த்திகை 3.’