குறுக்கே வந்த கன்று

பசுவின் விலாவில் காதை வைத்தபடியே, "அம்மாவுக்கு லிஸ்ட்ல பேரு வந்திருச்சா?" என்பார் மாட்டு டாக்டர். கேட்டது மாட்டைப் பற்றியல்ல, வீட்டுக்காரரின் தாயார் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியதா என்றுதான் கேட்டார் எனப் புரிய, புது ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எங்கள் தொகுதியில் நாற்பத்தொரு கிராமங்கள். எந்தத் தேர்தலில் எந்தக் கிராமம் யார் காலை வாரியது என்று ஊசி போட்டுக்கொண்டே ஒப்பிப்பார். ஒரே ஒரு தேர்தலை மட்டும் தாண்டிப் போய்விடுவார். அதை அவர் மனைவிதான் சொன்னார்.

இருபது வருடங்களுக்கு முன் டாக்டரே சுயேச்சையாக நின்றார். நாளெல்லாம் சாவடி சாவடியாகச் சுற்றிவிட்டு, சாயங்காலம் தன் ஓட்டைப் போடக் கிளம்பும்போது ஆள் வந்தது: பசு ஈன முடியாமல் துடிக்கிறது, கன்று குறுக்கே கிடக்கிறது. ஆள் அனுப்பியது, எதிர்த்து நின்ற மில்காரரின் கட்சிக் கொடி பறந்த வீடு.

"மாட்டுக்கு ஏதுய்யா கட்சி?" என்று போனார். கன்றை உயிரோடு வெளியே எடுத்துவிட்டு, கை கழுவாமல் ஓடி வந்தார். சாவடிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்று முறை எண்ணினார்கள். மில்காரர் ஒரே ஓட்டில் ஜெயித்தார்.

"இவரும் போட்டிருந்தா சமமாயிருக்கும், சீட்டுக் குலுக்கியிருப்பாங்க. இவரு ராசிக்கு அதுவும் அங்கதான் விழுந்திருக்கும்" என்று சிரித்த மனைவி, குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டு நாளு சாப்பாடு இறங்கலைங்க மனுசனுக்கு."

பிறகு அவர் நிற்கவே இல்லை. தேர்தலன்று முதல் ஆளாகத் தன் ஓட்டைப் போட்டுவிட்டு, நடக்க முடியாதவர்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். கட்சி கேட்பதில்லை.

போன தேர்தலில் நானும் கூட இருந்தேன். முழங்கால் தேய்ந்து மில்காரர் வீட்டோடு கிடந்தார். பிரச்சாரத்தில் ஓடி ஓய்ந்த மகன்கள் அவரை மறந்தே போனார்கள். டாக்டர் வாசலில் போய் நின்றார்.

"எனக்கா வண்டி கொண்டாந்தே?"

"நேரமாகுதுண்ணே. ஏறுங்க."

வரிசை நகர்ந்து முறை வரும்வரை மில்காரருக்குத் தோள் கொடுத்து நின்றார். ஓட்டுப் போட்டு வந்த கிழவர் பைக்கில் ஏறி உட்கார்ந்து, டாக்டரின் காதருகே சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"யாருக்குப் போட்டேன் தெரியுமா டாக்டரே..."

டாக்டர் பைக்கை ஓர் உதையில் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினார்.