அவள் மணிக்கட்டும் என் ஊசியும்

என் கம்பி ஏன் வளைகிறது என்பது, அவள் கம்பி வளையாமல் உள்ளே போன வயிற்றெரிச்சலில்தான் எனக்கு உறைத்தது. திருப்பதியில் அறுவை சிகிச்சை பயிலும் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் அடைப்பை வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் சரிசெய்ததும், அதற்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல், குழாய் மூடிக்கொள்ளாமல் காக்கும் ஸ்டென்ட்டை நுழைக்க வேண்டும். நான் தடுமாறியதால் பெரிய டாக்டர் அந்த வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்.

“இன்னாப்பா, இப்டி பாத்துக்கினு கீற? ஸ்டென்ட் உருகிடப் போவுது!” என்று சீண்டினாள் அவள், பலமனேர் ஊர்க்காரி.

வயிற்றுத் துளை வழியே சாய்வாக வரும் கம்பியைக் குழாய்க்குள் அவள் மணிக்கட்டு திருப்பிவிடுகிறது. எனக்கு அந்த மணிக்கட்டு இல்லை; என் கம்பி குழாயின் சுவரில் முட்டி வளைகிறது. குழாயின் வாய்க்கு நேராகத் தோலில் தடித்த ஊசி ஒன்றைக் குத்தினால், கம்பி அதன் துளை வழியே தானாகவே நேராக இறங்குமே! கேட்டேன், பெரிய டாக்டர் ஒருமுறைக்குச் சம்மதித்தார். திங்கட்கிழமை அப்படித்தான் விடப்போகிறேன். வயிற்றுக்குள்ளே காட்டும் கேமராவை இந்த முறை அவள் பிடிப்பாள்.