பின் கேட்டை வரைந்த ஸ்டெல்லா

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றபோது கீரப்பாளையம் காலனி அஞ்சலையக்காவிடமிருந்து போன். "சார், நம்ம ஸ்டெல்லா மேடம் போய்ட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூங்கா திறப்பு. இனி அங்கே முன்னால் நிற்க யார் இருக்கிறார்கள்?

ஸ்டெல்லாவை அறிந்தவர்களுக்கு அந்தப் பூங்காவையும் தெரியும். கீரப்பாளையம் பக்கம், ஊருக்கும் காலனிக்கும் நடுவே, காலனி மக்களின் பறையையும் ஆட்டத்தையும் கொண்டாட ஒரு பூங்கா. ஒன்றிய அலுவலகத்தில் அவர் இன்ஜினியர், நான் அவருக்குக் கீழே பிளான் வரைபவன். நீரூற்று, புல்தரை, சிமெண்டில் பெரிய பறை என்று ஜோராக வரைந்து காலனிக் கூட்டத்துக்கு எடுத்துப்போனோம். அஞ்சலையக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பறைய எங்க காய்ச்சுறது?" வைக்கோல் கொளுத்தி வாட்டினால்தான் தோல் இறுகும், சத்தம் எழும். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கப்பாவே பறையடிச்சவரு. எனக்கே தோணல பாருங்க." நீரூற்றை அடித்துவிட்டு அதே இடத்தில் தீ மூட்ட ஒரு குழி வரைந்தார்.

அடுத்து பெண்கள் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. "ரோட்டுப் பக்கம் ஒரே கேட்டு வச்சிருக்கீங்க. ஊர்ப் பசங்க வந்து அங்க நின்னுட்டா புள்ளைங்க எந்தப் பக்கம் ஓடும்?" ஸ்டெல்லா மறுபடி பென்சிலை எடுத்தார். பின்பக்கம், காலனித் தெருவைப் பார்த்து இன்னொரு கேட் வரைந்தார். "பார்க்குல விளையாட வர்ற புள்ளைக்கு ஓடுற வழியும் போட வேண்டியிருக்கு, குமாரு" என்றார்.

அவர்கள் வரவும் செய்தார்கள். இடத்தை அளந்துகொண்டிருந்தபோது நாலைந்து பைக்குகள் எங்களைச் சுற்றி நின்றன. அதில் ஒருவன் எனக்குச் சொந்தம். "மச்சான், நீயுமா? இங்க மேளம் கீளம்னு எதுவும் வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றான். அளவு டேப்பின் என் முனையை நழுவவிடப் பார்த்தேன். மறுமுனையில் ஸ்டெல்லா பிடித்திருந்த டேப் படபடவென்று ஆடியது. காற்றே இல்லை. பைக்குகள் போகும் வரை அவர் டேப்பை விடவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கும்தான் நடுங்குது. டேப்ப விட்றாத, அளவு மாறிடும்."

அவரை அடக்கம் செய்த மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டார். "பின்னாடி கேட்டு எதுக்குய்யா? ஊர்க்காரங்க சங்கடப்படுறாங்க. செவுரு வச்சி அடைச்சிடு." சொந்தக்காரன் முகம் கண்முன் வந்தது. சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முடியாது சார். அளவு மாறிடும்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தையும் அந்த நடுக்கமும்தான். ஸ்டெல்லாவைத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எல்லோரும் முன் கேட் வழியாகவே வாருங்கள். பிள்ளைகளுக்காகப் பின் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். பயந்துகொண்டுதான்.