லோடுக்குப் பார்த்த ஷாக்

என் பிக்கப் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றப் போன இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரியபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் வண்டி அங்கிருந்து காலியாகக் கிளம்பி, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும். அங்கே இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு போய்க் காக்களூர் எஸ்டேட்டில் இறக்குவேன். அதே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் என் மனைவி பேக்கிங் வேலை பார்த்தாள். கம்பெனி வேன் எங்கள் ஊருக்கு வராது, காலை பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் காலையில் என் பக்கத்து சீட்டில்தான் வருவாள்.

அவளுக்கு முதுகில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று திருவள்ளூரில் டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகலாம், ஆனால் குலுக்கல் ஆகாது என்றார். வண்டியிலோ பழைய ஷாக் எண்ணெய் கசிந்து உயிரை விட்டிருந்தது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் நாலு தரம் ஆடித்தான் அடங்கும்.

"இன்னாய்யா, அந்த ஷாக்கை மாத்தேன். நான் இன்னும் கொஞ்ச வருசம் வேலைக்குப் போவணும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். வீட்டில் சோறு பொங்குவதற்காக அவள் அந்த வேலைக்குப் போகவில்லை. அந்தக் கம்பெனியில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. புதிதாகச் சேரும் பெண்களை அவளிடம்தான் அனுப்புவார்கள்.

பிக்கப் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மெக்கானிக் ஷெட். வயதானவர், எல்லாரையும் நைனா என்பார். இரண்டு ஜோடி ஷாக்கை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது ஹார்டு நைனா. ஃபுல் லோடு ஏத்துனாலும் வண்டி ஆடாது. ஆனா காலி வண்டியில உக்கார்றவன தூக்கிப் போட்டுரும். இது சாஃப்ட்டு, ஆளு அலுங்காம போவலாம். நீ எக்ஸ்ட்ராவா போட்டுக்கினு கீற ஸ்பிரிங் பட்டையையும் கழட்டிட்றேன். ஆனா லோடை கொறச்சிக்கோ. ரெண்டும் ஒண்ணுல வராது. உனக்கு எது, லோடுக்கா, ஆளுக்கா?"

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. கூடுதல் லோடு தாங்க, வண்டி வாங்கிய மறு வாரமே பின்னால் ஒரு பட்டை கூடுதலாக மாட்டிவிட வேண்டும். போட்டவன் ஆம்பளை. போடாதவன் காய்கறி ஏற்றத்தான் லாயக்கு. கழற்றியவன் என்று அதுவரை ஒருத்தன்கூட இல்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களின் காதில் மெக்கானிக் கேட்டது விழுந்துவிட்டது.

"சம்சாரத்துக்கு சோஃபா போடப் போறாரு போலக்குதே!" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

"லோடுக்குத்தான்" என்றேன்.

மாட்டி முடித்ததும் சோதனை. அதற்கும் எங்களிடம் ஒரே முறைதான். வண்டி நிறையக் கம்பியை ஏற்றி வேகத்தடையில் விட்டுப் பார்ப்பது. டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில் அசையவில்லை. ஸ்டாண்டில் எனக்கு ஏகப்பட்ட பாராட்டு. காலி வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் ஓட்டவில்லை.

மறுநாள் காலை முதல் பள்ளத்திலேயே அவள் முன்னாலிருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னைக்கு இப்ப ரொம்ப தூக்கிப் போடுதுய்யா."

"புது ஷாக்கு, செட்டாவும். லோடு ஏத்திப் பாத்தாச்சு, வெண்ணெ மாதிரி போவுது. உனக்குத்தான் எதுல உக்காந்தாலும் வலி" என்றேன்.

அடுத்த நாள் அவள் பழைய புடவையை மடித்து சீட்டில் போட்டு உட்கார்ந்தாள். பள்ளம் வருவதற்கு முன்பே இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்வாள். புதுவாயல் வரை எந்தப் பள்ளம் எங்கே என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். திரும்பப் போய் மாற்றியிருக்கலாம். நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் போகவில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தனும் எனக்கு ஒரு வேளை டீ வாங்கிக் கொடுத்தவனில்லை.

மழைக்காலத்தில் ரோடு இன்னும் கெட்டது. அவளுக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. பேக்கிங் மேஜை முன்னால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாலை, வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் போய் சாஃப்ட் ஷாக்கை மாட்டச் சொன்னேன். பட்டையையும் கழற்றினேன். சிரித்தால் சிரிக்கட்டும், சட்டையைப் பிடித்துவிடுவது என்று முறுக்கிக்கொண்டுதான் போனேன். சோஃபா என்று சொன்னவன் அங்கேதான் இருந்தான். போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவன் அப்படிச் சொன்னது அவனுக்கே ஞாபகம் இருந்திருக்காது.

காலி வண்டியை அதே ரோட்டில் ஓட்டி வந்தேன். பள்ளத்தில் இறங்கியதே தெரியவில்லை. ஏதோ சாதித்துவிட்டவன் போல வீட்டுக்குள் போனேன்.

"வண்டிய சரி பண்ட்டேன். இப்ப அலுங்கவே அலுங்கல. வா, உக்காந்து பாரு, போலாம்" என்றேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறதுக்கு?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.