சித்தப்பா பார்க்காத விமானங்கள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குத் தினமும் நடந்துபோய்ப் படித்தேன். கடிதம் வந்தால் அப்பா தபால்காரரைப் பிரிக்கவே விடமாட்டார். "எம்மக வந்து வாசிக்கும், குடுங்க" என்பார். தங்கை பள்ளிக்கூடம் போகவில்லை. சித்தப்பாவோடு பூண்டுக் காட்டில் வேலை செய்தாள். இருந்தும் பொறாமைப்பட்டவள் நான்தான்.

சித்தப்பா இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் போர்க்கப்பலில் வேலை பார்த்தவர். சிலோன் பக்கத்துக் கடலில் விமானங்கள் குண்டு போட்டு அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டன. டீக்கடையில் யாராவது கேட்டால், "கழுகு கணக்கா எறங்குச்சுக" என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டுவார்.

பள்ளி ஆண்டு மலருக்கு அதை எழுதித் தருவதாக டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நோட்டும் பேனாவுமாகச் சித்தப்பா எதிரில் உட்கார்ந்தேன். டீக்கடையில் சொன்னதையே சொன்னார். தீயையும் புகையையும் நானே சேர்த்து இரண்டு பக்கம் எழுதி, தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"என்னடி இளிப்பு?"

"சித்தப்பா ஏரோப்ளேனையே பாக்கலையேக்கா. அவருக்குக் கீழ பாய்லர்கிட்டல்ல சோலி."

"ஒங்கிட்ட எப்பச் சொன்னாரு?"

"களை வெட்டையில சொல்லுவாரு. நீ பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு வாயவே பாக்குறியாம். போலீசுக்காரன் முன்னால நிக்கிற மாதிரி இருக்காம்."

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் பேச்சு நின்றுபோன மாலைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. என் படிப்புக்கு அவர்கள் தரும் மரியாதை என்றல்லவா நினைத்திருந்தேன்.

பொய்யை அச்சில் ஏற்ற மனம் வரவில்லை. மறுநாள் தங்கையிடமே கேட்டு எழுதினேன். இரும்புத் தரையில் கிடந்த ஸ்பேனர் முதலில் துள்ளியது, பிறகுதான் சத்தம். விளக்கு அணைந்தது. முழங்கால் வரை ஏறிய தண்ணீர் சுட்டது. முன்னால் ஏறியவனின் குதிகாலைத் தடவித் தடவியே சித்தப்பா ஏணியில் மேலே வந்து கடலில் குதித்தார். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் ஏணியில் கால் வைத்த கூட்டாளி வரவேயில்லை.

"அந்தாள எழுதாதக்கா. சித்தப்பா அதுக்கு மேல பேச மாட்டாரு" என்றாள். எழுதினேன்.

மலர் வந்தது. கட்டுரைக்குக் கீழே என் பெயர் மட்டும். தங்கை பெயரைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். ஏணி வந்த இடத்தில், பூண்டு உரித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. முடித்துவிட்டு, அவர் என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் தங்கை பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு விடாமச் சொல்லியிருக்கியே தாயி" என்றார்.