உண்ணி ஏறாத கிடேரி

அரியலூர்ச் சீமையில் மாடு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். உண்ணி ஏறாத மாடாகப் பார்த்து, மற்றதைக் கழித்துக் கழித்துப் பட்டி கட்டியவர் பிலவேந்திரன் ஒருவர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்தவர் மாட்டை மேய்த்த ஆள். இன்றைக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம் அவர் வளர்த்த கிடேரி என்றால் பேரம் பேசாமல் பிடித்துப் போகிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ள அவர் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை.

வழி எளிது, மனசுதான் கேட்காது. மழைக்காலம் முழுக்க மருந்து அடிக்கக் கூடாது, கையாலும் பிடுங்கக் கூடாது. எல்லா மாடும் ஒரே காட்டில் மேய வேண்டும். பிறகு காதுக்குள், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியில், வாலடியில் தடவிப் பார்க்க வேண்டும். எதன்மேல் உண்ணி குறைவோ அது தங்கும். கொத்தாய்த் தொங்குவதை விற்றுவிட வேண்டியதுதான்.

முழங்கால் இரண்டும் விட்டுப்போனதால் இந்த வருடம் பட்டியைச் சுருக்குவதாக முடிவு. ஒரே ஒரு கிடேரி தங்கும். அவருக்குப் பின்னும் அதன் வம்சம் பேர் சொல்ல வேண்டும். செவலையா, கருப்பியா? செவலையின் மேல் தேடினாலும் உண்ணி இல்லை. கருப்பியிடம் அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தன. செவலைதான் என்று டீக்கடை வரை சொல்லியாயிற்று. கருப்பியை, மாடு கேட்டிருந்த செந்துறை அம்பிகாவுக்குத் தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

அப்போதுதான் அவர் மனைவி மரிய புஷ்பம் மகளின் பிரசவத்துக்கு அரியலூர் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டார். புஷ்பம் திரும்பி வந்த காலையில், செவலையின் வாலைத் தூக்கிய பிலவேந்திரன் அப்படியே நின்றுவிட்டார். ஆமணக்கு விதையை ஒட்டவைத்தது போல உண்ணி. கருப்பியைத் தடவினார். அது எப்போதும் போலத்தான் இருந்தது.

"புஷ்பம், செவலைக்கு நீ எதுனா செஞ்சியா?"

"என்னத்தச் செஞ்சேன்? தண்ணி காட்டறப்ப கண்ணுல பட்ட உண்ணியக் கிள்ளிப் போடுவேன். பக்கத்துல வந்து தலையச் சாய்க்கிது, கை சும்மா இருக்குமா?"

"கருப்பிக்கு?"

"அது எங்க கிட்ட வுடுது? முட்ட வருது."

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது. முந்தைய வருடங்களில் எந்தெந்த மாட்டுக்கு அந்தக் கை போயிற்றோ? கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெம்பில்லை.

மத்தியானம் அம்பிகா வண்டியோடு வந்து இறங்கினாள். "கருப்பிய ஏத்தலாமா மாமா?"

"கருப்பி இல்லம்மா, செவலையப் புடிச்சிட்டுப் போ. பாலு நல்லா வரும். ஆனா உண்ணி ஏறும், மருந்து அடிக்காம வச்சிருக்காத."

அம்பிகா சிரித்துவிட்டாள். "செவலை மேல உண்ணி ஒக்காராதுன்னு மைக்செட்டு கட்டாத கொறையாச் சொன்னீங்களே?"

"சொன்னேன். எம் பொண்டாட்டி கை செஞ்ச வேலைய மாடு செஞ்சதுன்னு நெனச்சிட்டேன்."

"அப்ப எனக்குக் குடுத்த வாக்கு?"

"திட்டணும்னா திட்டிக்க. கருப்பியத் தர முடியாது."

அவள் செவலையின் மடியையும் காலையும் பார்த்தாள். "எங்க வூட்ல மருந்து இருக்கு, ஏத்துங்க. ஆனா இனிமே பெருமை பேசறப்ப அத்தையக் கேட்டுட்டுப் பேசுங்க."

புஷ்பம் வெளியே வரவில்லை. வண்டி போன பிறகுதான் வந்தார்.

"இனிமே கருப்பி மேல கை வக்காத," என்றார் பிலவேந்திரன்.

"கடிச்சித் துடிச்சாலுமா?"

"துடிச்சாலுந்தான். இன்னொரு மழை பாத்தாத்தான் நெசம் தெரியும்."

"அந்த மழைக்கு உங்க காலு நிக்கணுமே?"

பிலவேந்திரன் சுவரைப் பிடித்து எழுந்து, கருப்பியை மேய்ச்சலுக்கு அவிழ்த்தார்.